சாக்கு அடைத்த ஜன்னல்

என் மூத்த மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்த ஐப்பசி அது. அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், காது குத்து, மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்போது பாதி ஊர்களுக்குக் கரண்ட் வரவில்லை. அந்த ஊர்களுக்குப் போவதற்காகவே, பட்டாளத்தில் கழித்துக்கட்டிய ஜெனரேட்டர் ஒன்றைச் சேலத்தில் பழைய விலைக்கு வாங்கி வந்திருந்தார். ஜெனரேட்டர் என்றெல்லாம் எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். கரண்ட் இன்ஜின் என்பார்கள். கயிற்றைச் சுற்றி இழுத்து, பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். டபடபவென்று ஊரையே எழுப்பிவிடும். பந்தலுக்குப் பின்னால் காட்டுக்குள் தூரமாக வைத்து ஓட்டுவார். வீட்டில் ஓட்டியதே கிடையாது, அந்த ஐப்பசி வரைக்கும்.

அந்த வருஷம் பெரிய காற்றும் மழையும் அடித்து ஏரிக்கரையில் இருந்த கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. கம்பி எல்லாம் தண்ணீருக்குள். வந்து பார்த்த லைன்மேன், பத்து நாளாவது ஆகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களுக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் இழுத்திருந்ததே மூன்று வீடுதான். எங்களுக்குத்தான் குடி முழுகிப்போன மாதிரி இருந்தது. காரணம், என் நாத்தனார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் முதல் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்திருந்தாள். நாள் நெருங்கிவிட்டது. ராசிபுரத்து நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, குழந்தை கொஞ்சம் குறுக்காக இருக்கிறது, நான் வரும்போது நல்ல வெளிச்சம் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். அது போதுமே இவருக்கு. "எந்தங்கச்சிக்கு லாந்தர் வெளிச்சத்துலயா புள்ள பொறக்கோணும்?" என்று இன்ஜினைத் துடைத்து எண்ணெய் போட்டு, வீட்டின் பக்கவாட்டில் கூரையை நீட்டிப் போட்டிருந்த இறக்கத்தில் வைத்து ஓட்டிவிட்டார். நாலு பல்பு, ஒரு ரேடியோ. ஊரே இருட்டில் கிடக்க எங்கள் வீடு மட்டும் ஜெகஜ்ஜோதியாக இருந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். குடையை இவர் பிடித்தார், நிழலில் நான் நின்றேன். வாசலைத் தாண்டிப் போகிற பெண்கள் எட்டிப் பார்க்கும்போது ரேடியோவை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்தவள் நான்தான், இப்போது ஒளிப்பானேன்?

எதிர்வீட்டில் ஒரு நெசவாளர் குடும்பம். அந்த அக்கா என்னைவிடப் பத்து வயது பெரியவள். அதிகம் பேசமாட்டாள். இன்ஜின் ஓட்டிய இரண்டாம் நாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. அந்தச் சத்தம் எனக்கு ஆவறதில்லீங்க. கொஞ்சம் அக்கட்டால நவுத்தி வெச்சுக்குங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. பகலெல்லாம் தறி சத்தத்திலேயே குடித்தனம் நடத்துகிறவளுக்கு இன்ஜின் சத்தம் ஆகாதாமா? அவள் வீட்டில் சிம்னி விளக்கு, எங்கள் வீட்டில் பல்பு, வயிற்றெரிச்சல்தான் வேறென்ன என்று முடிவு கட்டிவிட்டேன். சரிங்க்கா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் சாரல் இறக்கத்துக்குள் அடித்து இன்ஜின் நனைய ஆரம்பித்தது. நனைந்தால் கிளம்பாது. இவர் வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடலாமா என்று இழுத்தார். நான்தான் முந்திக்கொண்டு, "வெச்சுருங்க, எதுத்த ஊட்டுக்காரிக்கும் சத்தம் கேக்காது" என்றேன். மைக் செட்டுச் சாமான்கள் வைக்கும் பக்கத்து அறையில் இன்ஜின் குடியேறியது. அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், எதிர்வீட்டைப் பார்த்தபடி. பருத்திச் சாக்கு இரண்டை நாலாக மடித்து அந்த ஜன்னலில் நானே திணித்தேன். துளி இடைவெளி விடாமல் குச்சியால் குத்திக் குத்தி அடைத்தேன். அடைக்கும்போது மனசுக்குள் ஒரு திருப்தி. போ, இனி உனக்குப் புகார் சொல்ல வழியில்லை என்று.

அறையின் கதவு நடு அறைக்குத் திறப்பது. வயர் வெளியே வர வேண்டியிருந்ததால் கதவு முழுதாகச் சாத்தாது. நாலு விரல் இடைவெளி இருக்கும். அன்று ஒரு மணி நேரம் ஓட்டினோம். வாசல் கதவும் புழக்கடைக் கதவும் விரியத் திறந்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. புகை வாடை வந்தது. புகை வந்தால் கண் எரியும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இன்ஜினை ஐந்து வருஷமாக ஓட்டுகிற இவருக்கும் தெரியாது. வெட்டவெளியில் ஓட்டினவர்தானே.

மறுநாள் கிருத்திகை. எனக்கு விரதம். காலையில் மழை கொஞ்சம் விட்டபோது எதிர்வீட்டு அக்கா ஒரு தட்டில் இலையால் மூடி எதையோ கொண்டுவந்தாள். இடி இடித்த மறுநாள் புற்று ஓரமாக முளைக்கிற காளான். "வாயெல்லாம் கசக்குதுன்னாளே உங்க நாத்துனா, கொழம்பு வெச்சுக் குடுங்க. நாங்களும் அதையேதான் வெக்கறோம்" என்றாள். புகார் சொன்னதற்குச் சமாதானம் பண்ண வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மிளகு அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். இவரும் நாத்தனாரும் மகளும் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். நான் ஒரு டம்ளர் பாலோடு சரி.

சாப்பிட்டுக் கை கழுவிய சூட்டில் நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலி விட்டு விட்டு வந்தது. மதியம் ஒரு மணிதான் இருக்கும், ஆனால் வானம் மூடிக்கொண்டு விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருந்தது. இவர் பதறிப்போய், நர்ஸம்மா வரும்போது வெளிச்சம் தயாராக இருக்கட்டும் என்று மண்ணெண்ணெயை நிரப்பி இன்ஜினைக் கிளப்பிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ராசிபுரத்துக்குப் பறந்தார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சாரல் முன் அறை வரைக்கும் அடித்தது. வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். புழக்கடைக் கதவையும் சாத்தினேன். வலி எடுக்கிற பெண்ணுக்கு வாடைக்காற்று பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று எங்கள் பக்கம் ரொம்பப் பயப்படுவார்கள். சமையலறை ஜன்னல் ஒன்றுதான் பாக்கி. அதற்கும் ஒரு பழைய சேலையைச் சுருட்டி அடைத்தேன். பொறுப்பான அண்ணி இல்லையா நான்!

நடு அறையில் கட்டிலில் நாத்தனார். கீழே பாயில் மகள், ரேடியோ பெட்டிக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போனாள். பக்கத்து அறையில் இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. விரதத்தன்று வருகிற பசித் தலைவலி என்று விட்டுவிட்டேன். நாத்தனார், "அண்ணி, தலையைச் சுத்துது, என்னமோ பண்ணுதுங்க அண்ணி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தாள். பிரசவ வலியில் சிலருக்கு வாந்தி வரும், சுக்குக் கஷாயம் வைத்துத் தருகிறேன் என்று எழுந்தேன். முழங்கால் இரண்டும் துணி மாதிரித் துவண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் எதற்காக வந்தோம் என்று மறந்துபோய் கொஞ்ச நேரம் நின்றேன். அது எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது நாத்தனார் பேசவில்லை. கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் உம் என்று முனகினாள், அப்புறம் அதுவும் இல்லை. வலி என்றால் கத்த வேண்டுமே, இவள் ஏன் தூங்குகிறாள்? சட்டென்று மகள் ஞாபகம் வந்தது. குனிந்து தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. காய்ச்சலோ என்று தொட்டால் சூடே இல்லை. சாமி, கண்ணைத் தெற சாமி என்று கத்தினேன். கண் திறக்கவில்லை.

இரண்டு பேர் சாய்ந்து கிடக்கிறார்கள். இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டது எது? காளான்! விஷக்காளான் தின்று குடும்பமே செத்த கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்த நினைப்பு வந்ததும் எனக்குள் மூண்ட ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இன்ஜின் சத்தத்துக்காக என் குடும்பத்துக்கே விஷம் வைத்துவிட்டாளே என்று நினைத்தேன். உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. ஆனால் அதற்கு முன்னால் அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய் சொன்னது. நல்லவேளை, வாய்தான் ஜெயித்தது.

நடக்க முடியவில்லை. தவழ்ந்து போய், எட்டித் தாழை நீக்கி, வாசல் கதவைத் தள்ளினேன். மழை முகத்தில் அடித்தது. படியில் விழுந்தபடியே எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"அடிப் பாவி, என்ன கருமத்தைடி குடுத்தே? எம்புள்ளையும் நாத்துனாளும் உழுந்து கெடக்கறாங்க! நீ நல்லா இருப்பியா?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அச்சில் ஏற்றக்கூடிய வார்த்தைகள் இல்லை. சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு அக்கா ஓடி வந்தாள். வந்தவள் குனிந்து என் முகத்தையே பார்த்தாள்.

"நீயும் தின்னியா?"

எப்போதும் 'ங்க' போட்டுப் பேசுகிறவள் அன்று போடவில்லை. இல்லை, கிருத்திகை என்றேன்.

"திங்காத உனக்கு எதுக்குடி காலு நிக்க மாட்டேங்குது? எங்கூட்ல அஞ்சு பேரு தின்னுபோட்டுக் கல்லாட்டம் இருக்கறோம்" என்றவள், வாசல்படியில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து வந்த வாடை அவள் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். கூடவே அந்தச் சத்தம். இன்ஜினைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டோம் என்றுதான் அதுவரை நினைத்திருக்கிறாள்.

"உள்ளயா ஓடுது? ஊட்டுக்குள்ளயா வெச்சீங்க?" என்று அவள் போட்ட அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

நனைந்த முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். போன வேகத்தில் மகளைத் தூக்கி வந்து என் மடியில் போட்டாள். "மூஞ்சிய மழைக்குக் காட்டு, உள்ளாங்காலைத் தேய்" என்று சொல்லிவிட்டு, இரண்டு தடவை மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். நிறைமாதக் கர்ப்பிணியை ஒருத்தியாகத் தூக்க முடியுமா? படுத்திருந்த ஜமுக்காளத்தோடு தரையில் இறக்கி, ஜமுக்காளத்தைப் பிடித்துக் கரகரவென்று வாசல் வரை இழுத்து வந்துவிட்டாள். அதற்குள் அவள் புருஷனும் ஓடி வந்தார்.

அப்போது எனக்கு இன்ஜின் ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெய்க் குழாயைத் திருகினால் நிற்கும் என்று இவர் காட்டிக்கொடுத்திருந்தார். நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து ஒரு காலை உள்ளே வைத்தேன். அக்கா என் கொண்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக வெளியே இழுத்துப் போட்டாள்.

"ஓடுனா ஓடட்டும்! அதை நிறுத்தப் போனவங்க ஆரும் திரும்பி வல்லே!"

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மகளின் உள்ளங்காலைத் தேய்த்தேன், அடித்தேன். மாரியாத்தா, மாரியாத்தா என்று வேறு வார்த்தையே வரவில்லை எனக்கு. மழை அவள் முகத்தில் விழுந்து வழிந்தது. இரண்டு நிமிஷம் இருக்குமோ, பத்து நிமிஷமோ. ஒரு தடவை இருமினாள். அப்புறம் முகத்தைச் சுளித்து, "அம்மா, குளுருது" என்றாள். எனக்கு அப்போதுதான் அழுகையே வந்தது.

எல்லோரையும் அவர்கள் வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் விரித்து நாத்தனாரைப் படுக்க வைத்து, அத்தனை மழையிலும் கதவு ஜன்னல் ஒன்றையும் சாத்தவில்லை அக்கா. வெகு நேரம் கழித்து நாத்தனார் கண்ணைத் திறந்தாள். வாந்தி எடுத்தாள். பிறகு இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"அண்ணி, அசையவே மாட்டேங்குதுங்க."

அக்கா கையை வைத்துப் பார்த்தாள். நான் வைத்துப் பார்த்தேன். வயிறு கல் மாதிரி இருந்தது. காலையில்கூட உதைக்கிறது என்று என் கையைப் பிடித்து வைத்தாளே அந்தப் பெண். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரே எங்கள் வீடு, ஆள் யாரும் இல்லாமல், எல்லா பல்பும் எரிய, உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஐந்து மணி வாக்கில் குதிரை வண்டியில் நர்ஸம்மாவும், பின்னாலேயே சைக்கிளில் சொட்டச் சொட்ட இவரும் வந்தார்கள். நடந்ததைச் சொன்னோம். நர்ஸம்மா மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். கையை உயர்த்தி எங்களை மூச்சு விடாதீர்கள் என்பது போல் காட்டினார். எங்கள் வீட்டு இன்ஜினின் டபடப சத்தம் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது. அந்த நேரம் பார்த்து இன்ஜின் இருமி இருமி நின்றது. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. எங்கள் வீடு இருண்டது.

நர்ஸம்மா குழலிலிருந்து காதை எடுக்காமலே, "ஓடுதும்மா. நெஞ்சு நல்லா ஓடுது" என்றார்.

என் வீட்டுக்காரர் அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அன்றைக்கு வந்த வலி அடங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து, நர்ஸம்மா குழந்தையைத் தடவி நேராகத் திருப்பிவிட, அதே வீட்டில், தறிக்குழி ஓரத்தில், சிம்னி விளக்கும் லாந்தரும் வைத்துத்தான் பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. அழுத அழுகையில் இன்ஜின் தோற்றது.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இவர்தான் அக்காவிடம் கேட்டார். தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் பிறந்த ஊரில், கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போனதால் ஆயில் இன்ஜினைக் கிணற்றுக்குள் பாதியில் இருந்த திட்டில் இறக்கி வைத்து இறைத்திருக்கிறார்கள். புகை மேலே ஏறாமல் கிணற்றுக்குள்ளேயே தேங்கிவிட்டது. நிறுத்துவதற்கு அவள் அண்ணன் இறங்கினான். ஏறி வரவில்லை. என்ன ஆச்சு என்று பார்க்கத் தம்பி இறங்கினான். அவனும் வரவில்லை. மேட்டில் நின்றுகொண்டு அவளும் அவள் அம்மாவும் இரண்டு பேர் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதிலுக்கு இன்ஜின் சத்தம்தான் கேட்டதாம், எண்ணெய் தீரும் வரைக்கும்.

"அதாலதாங்க அந்தச் சத்தம் எனக்கு ஆவறதில்லே" என்றாள்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. வயிற்றெரிச்சல் என்று நினைத்தேனே! காலில் விழப் போனேன். தடுத்துவிட்டாள். "அட உடுங்க அம்மிணி. நீங்க அன்னிக்கு என்னைய வெய்யாம இருந்திருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இவர் அந்த இன்ஜினை அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கே கொண்டுவரவில்லை. தோட்டத்துக் கொட்டகையிலேயே கிடந்தது. நானோ, இன்றைக்கும் யார் வீட்டிலாவது ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டால், அழையா விருந்தாளியாகப் போய் அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் அதைவிடப் பெரிய பழக்கம் ஒன்று அன்றைக்கு எனக்கு ஏற்பட்டது. யாராவது ஒன்று தனக்கு ஆகாது என்று சொன்னால், முதலில் ஏன் என்று கேட்டுவிடுகிறேன். அன்று வாசலில் நின்றவளிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் நான் அடைத்த சாக்கு, நாலு உயிரின் மூச்சை அடைக்கப் பார்த்ததே.